பெட் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பழனிக்கு நடக்க விடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 57. மார்பகப் புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை நடந்தது. அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன். எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது தினம் ஒரு லெட்ரசோல் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரெவ்யூ. ரிப்போர்ட்டெல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அம்மாவுக்குத் தீராத அசதி, பாதம் மரத்துப்போகிறது, வலது கை சாயங்காலம் வீங்குகிறது, காலையில் எழுந்தால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, தூக்கம் இல்லை. இந்த நிலையில், வருகிற தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறார். ஆச்சிமார் எல்லாரும் “பேசாமல் படுத்து ஓய்வெடு” என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் கேட்பது: பெட் ஸ்கேன் (உடம்பில் புற்றுநோய் இருக்கக்கூடிய இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் படம்) ஒன்று எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் அனுப்பலாமா?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோய் திரும்ப வந்திருக்கிறதா என்பது ஒன்று. அந்த உடம்பு இப்போது எதைத் தாங்கும் என்பது இன்னொன்று. பெட் ஸ்கேன் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லும். இரண்டாவதற்கு அது பதிலே சொல்லாது. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் பாதம் மரத்தேதான் இருக்கும், கை வீங்கத்தான் செய்யும். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாவது கேள்விக்கான பதில் என்று நினைக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் புற்றுநோய் சிறப்பு மருத்துவர் இல்லை. பொது மருத்துவம் படித்தேன், பிறகு வலி மற்றும் ஆதரவு சிகிச்சையில் பயிற்சி எடுத்தேன், பல வருடமாகக் காரைக்குடிப் பக்கம்தான் தொழில் செய்கிறேன். பெரிய ஊர்களில் சிகிச்சை முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அடுத்த ரெவ்யூ வரைக்கும் என்னைப் போன்றவர்களிடம்தான் வருவார்கள். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதை அவருடைய மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பேசுவதற்கான சரக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்கேன். நோய் திரும்பியதைக் காட்டும் எந்தத் தொந்தரவும் இல்லாத மார்பகப் புற்றுநோய்க்காரருக்கு, சிகிச்சை முடிந்த பிறகு வழக்கமாக பெட் ஸ்கேன், சி.டி., கட்டிக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவற்றை எடுக்க வேண்டாம் என்றுதான் உலக அளவிலான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எடுக்க வேண்டியது வருடத்துக்கு ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். இதற்கு அடிப்படை இத்தாலியில் நடந்து 1994-ல் வெளியான இரண்டு ஆய்வுகள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பரிசோதனை மட்டும், மறு பாதிக்குக் கூடவே எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவை. பல வருடம் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

இதில் ஒரு நியாயமான சந்தேகத்துக்கு இடம் உண்டு. அந்தக் காலத்தில் பெட் ஸ்கேன் இல்லை, இன்றிருக்கும் மருந்துகளும் இல்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் இப்போது பலன் இருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதை ஆராயவும் செய்கிறார்கள். ஆனால் பலன் உண்டு என்று நிரூபணம் வராதவரை, தொந்தரவு இல்லாதவருக்கு ஸ்கேன் எடுப்பதில் ஒரு செலவு நிச்சயம்: வீண் பயம். ரேடியேஷன் பட்ட நுரையீரல் ஓரம் ஸ்கேனில் ஒளிரும். நம் நாட்டில் எப்போதோ வந்துபோன காசநோயின் தடம்கூட ஒளிரும். பிறகு அதற்குச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் ஒரு பயாப்சி, அந்த முடிவு வரும் வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இப்படி ஒரு மாதம் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதேசமயம், வாரக்கணக்கில் குறையாமல் ஒரே இடத்தில் எலும்பு வலி, காரணம் தெரியாத மூச்சுத்திணறல், விடாத இருமல், எடை குறைவது, புதிதாகத் தலைவலி, மஞ்சள் காமாலை, தழும்பிலோ மறு மார்பிலோ கட்டி என்று ஏதாவது வந்தால் கதையே வேறு. அப்போது ரெவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். அந்த நிலையில் எடுக்கும் ஸ்கேன் தேவையான ஸ்கேன்.

சரி, இனி உடம்புக்கு வருகிறேன். “எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள், ஆனால் அம்மா பழைய அம்மா இல்லை, இதைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்கிறார்களா” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். செய்கிறார்கள். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் தனக்கே புற்றுநோய் வந்து மீண்டபின், 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். குணமானவர், குணமாகாதவர் என்று இரண்டாகப் பிரிப்பது பொருந்தாது, சிகிச்சை முடிந்த பிறகு வரும் காலம் தனியான ஒரு கட்டம், அதற்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்பது அவர் வாதம். 2005-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து கொடுத்தோம், இனி எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு திட்டம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கனடாவில் 408 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வைத்துச் சோதித்தபோது, அந்தத் தாளைக் கையில் கொடுத்ததால் மட்டும் அவர்கள் மனக்கஷ்டம் குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தாளைப் படித்துவிட்டு யாரிடம் போவது என்று தெரிய வேண்டுமே.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது, கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், பசியே இல்லாமல் மெலிந்துகொண்டிருந்த முற்றிய நோயாளிகள் 124 பேரிடம் ஓலன்சபின் என்ற பழைய, மலிவான மாத்திரையை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு எடை குறிப்பிடத்தக்க அளவு கூடியது, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். டெல்லி எய்ம்ஸில், ஒருவகைக் கீமோ மாத்திரையால் உள்ளங்கை உள்ளங்கால் தோல் சிவந்து உரிவதை, மூட்டு வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லே பெரிய அளவில் தடுக்கிறது என்று காட்டினார்கள். இவை உங்கள் அம்மாவுக்கு வேண்டிய மருந்துகள் இல்லை, தேவையில்லாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தொந்தரவைக் குறைப்பதும் ஆராய்ச்சிக்குரிய விஷயம்தான் என்று காட்டவே சொன்னேன்.

அசதி. இது சோம்பேறித்தனம் இல்லை, வயசும் இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாத, செய்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத களைப்பு இது. சிகிச்சை முடிந்தவர்கள் சொல்லும் புகார்களில் மிகப் பெரியதும் இதுதான். முதலில் திருத்தக்கூடிய காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு. இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் அரை மணி நேரப் பேச்சும் போதும், காரைக்குடியிலேயே முடியும். இவை எதுவும் இல்லை என்றால் மிச்சமிருக்கும் அசதிக்கு எது மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடல் அசைவுதான். 2017-ல் 113 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் அசதியைக் குறைத்த அளவுக்கு மாத்திரைகள் குறைக்கவில்லை. 2019-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை, வாரம் மூன்று நாள் முப்பது நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடை, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு மூன்றுக்கும் இந்த அளவு போதும் என்கிறது. ஆக, படுத்து ஓய்வெடு என்ற ஆச்சிமாரின் அன்பு இங்கே எதிர்வேலை செய்கிறது. படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரையக் கரைய முற்றத்தைச் சுற்றி வருவதே மலையேறுவது போல ஆகிவிடும்.

நடப்பதால் நோய் திரும்ப வராது என்று சொல்லலாமா? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் பலமான ஆதாரம் 2025-ல் வந்தது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கையேடு மட்டும். எட்டு வருட முடிவில் பயிற்சிப் பக்கம் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், கையேட்டுப் பக்கம் 83.2 சதவீதம். ஒரு மருந்து இதைச் செய்திருந்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அது குடல். மார்பகத்தில், சுறுசுறுப்பாக இருக்கும் பெண்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டினாலும், உடம்பு தெம்பாக இருப்பவர்தான் நடக்கிறாரா, நடப்பதால் தெம்பாக இருக்கிறாரா என்பதை அவற்றை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு யோகா கொடுத்து நடத்திய ஆய்வின் நல்ல முடிவுகளை 2022-ல் ஒரு மாநாட்டில் சொன்னார்கள். நம்பிக்கை தருகிறது, ஆனாலும் அதை மட்டும் பிடித்துக்கொண்டு “யோகா செய்தால் வராது” என்று உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அசதிக்கு நடை நல்லது, இது உறுதி. நோய் திரும்பாமல் காக்குமா என்றால், இருக்கலாம். அந்த அளவில் நிறுத்திக்கொள்வோம்.

கை வீக்கம் என்பது நிணநீர் தேங்குவது. அக்குள் நெறிக்கட்டிகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. “அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்காதே” என்று காலங்காலமாகச் சொல்லிவந்தோம். 2009-ல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களில் ஒரு பாதிக்கு, மேற்பார்வையோடு, மிகச் சிறிய எடையில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டி எடைப்பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது பாதியாகக் குறைந்தது. இதில் “மேற்பார்வையோடு”, “மெதுவாக” என்ற இரண்டும் முக்கியம். இன்று ஒன்றும் தூக்காமல் இருந்துவிட்டு நாளை படைப்பு வீட்டில் அண்டாவைத் தூக்குவது இதில் சேராது. வீக்கத்துக்கென்று அளவெடுத்துக் கை நெடுகப் போடும் இறுக்கமான உறை உண்டு, கம்ப்ரஷன் ஸ்லீவ் என்பார்கள். நாளெல்லாம் வேலை செய்யும்போதும் பயணத்தின்போதும் போட்டுக்கொள்ள வேண்டும். அளவு தப்பாக இருந்தால் அந்த உறையே தொல்லையாகிவிடும், அதனால் அதை ஆன்லைனில் வாங்கி அனுப்பாதீர்கள். நிணநீர் வீக்கத்தில் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் யார் என்று சென்னை மருத்துவமனையிலேயே கேளுங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவே கூடாது, ரத்தம் எடுக்கவே கூடாது என்பதற்கு நாம் நினைத்த அளவுக்கு ஆதாரம் இல்லை. 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு அவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பைக் காணவில்லை. கையில் வரும் கிருமித் தொற்றுக்கும் அதிக எடைக்கும்தான் தொடர்பு இருந்தது. மறு கை இருக்கும்போது அதையே நீட்டுங்கள், அவசரத்தில் இந்தக் கையில் எடுத்துவிட்டார்கள் என்றால் பயந்து சாக வேண்டாம். ஆனால் கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும், மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.

பாதம்தான் எனக்குப் பெரிய கவலை. நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் பாக்ளிடாக்சல் இருக்கிறது. அது நரம்பு நுனிகளைத் தாக்கும். விரல் நுனியிலும் பாதத்திலும் ஆரம்பித்து மரப்பு, ஊசி குத்துவது, எரிச்சல் எல்லாம் வரும். மருந்தை நிறுத்திய பிறகு மாதக்கணக்கில் மெதுவாகக் குறையும், சிலருக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். வலியோடு சேர்ந்த எரிச்சலுக்கு நம்பத்தக்க ஆதாரம் உள்ள ஒரே மருந்து டுலோக்செடின். அதுவும் வலிக்குத்தான், வெறும் மரப்பை எடுக்காது. மருந்துக்கடையில் “நரம்புக்கு நல்லது” என்று பி12 சத்துள்ள சிவப்பு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். ரத்தத்தில் பி12 குறைவு என்றால் அவசியம் எடுக்கட்டும், குறைவில்லை என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அசிட்டைல் கார்னிட்டின் என்று ஒரு சத்து மாத்திரை உண்டு, வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். கீமோவின்போது அதைக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் மரப்பு குறையவில்லை, கூடியது. நல்லெண்ணத்தில் அதை அனுப்பாமல் இருங்கள்.

மூட்டுப் பிடிப்பு அநேகமாக லெட்ரசோலின் வேலை. இந்த மாத்திரை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பதால் மூட்டு வலிக்கும், எலும்பு மெலியும், பெண்ணுறுப்பு வறண்டு எரிச்சல் வரும், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் வரலாம். கடைசியில் சொன்னதை எந்த அம்மாவும் மகனிடம் சொல்ல மாட்டார். உங்கள் மனைவியோ சகோதரியோ ஒருமுறை தனியாகக் கேட்கட்டும், பெண் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும். மூட்டு வலி தாங்காமல் வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். ரெவ்யூவில் “சாப்பிடுறேன் டாக்டர்” என்பார்கள், அட்டையில் மாத்திரை அப்படியே இருக்கும். திட்டாமல் கேளுங்கள். நோய் திரும்பாமல் காப்பதில் உறுதியான ஆதாரம் உள்ள மாத்திரை இது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், மருத்துவர் முடிவு செய்வார். இந்த மூட்டு வலியும் நடையாலும் எடைப்பயிற்சியாலும் குறைந்ததை 2015-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால், பெட் ஸ்கேனுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை அதற்குச் செலவழியுங்கள். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. பட்டியலில் டாக்சோரூபிசினும் இருக்கிறது. நோயாளிகள் சிவப்பு மருந்து என்பார்களே, அதுதான். அது சிலருக்கு இதயத் தசையைத் தளர்த்தும், சில சமயம் வருடங்கள் கழித்துக்கூட. படியேறும்போது முன்பில்லாத மூச்சு வாங்கல், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுக்காமல் நீண்ட நடைக்கு அனுப்பவே கூடாது. அப்படி எதுவும் இல்லை என்றாலும், பல நாள் நடக்கப்போகிறவருக்கு ஒருமுறை எக்கோ பார்த்துவிடுவதில் தப்பில்லை என்பது என் கருத்து. இது ஆய்வு சொன்னதல்ல, என் எச்சரிக்கை உணர்வு.

தூக்கத்துக்கு மாத்திரையில் ஆரம்பிக்காதீர்கள். பகலில் படுப்பதைக் குறைத்து, தினம் ஒரே நேரத்தில் எழுந்தாலே பாதி சரியாகும். மிச்சப் பாதி பெரும்பாலும் பயம். ரெவ்யூவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பாடு குறையும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும். நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. நம் பக்கம் அதைச் சொல்ல இடம் இல்லை. நோயின் பெயரையே வீட்டில் சொல்வதில்லை, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் பங்காளிகளுக்குக்கூடத் தெரியாமல் சிகிச்சை நடக்கும், முடி வளரும் வரை எந்த விசேஷத்துக்கும் போக மாட்டார்கள். அப்படி அடைந்து கிடந்த ஒருவர் தானாகவே வெளியே வந்து, ஊரோடு சேர்ந்து நடப்பேன் என்கிறார். ஒரு மருத்துவராக இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சர்க்கரை போட்ட கவுனி அரிசி ஒரு கரண்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மார்பகப் புற்றுநோய் முடிந்தவர்களுக்கு எடை கூடுவதுதான் வழக்கமான சிக்கல், அதனால் தெம்புக்கு என்று தினமும் ஆட்டுக்கால் சூப், நெய் என்று ஏற்ற வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், கோழி போதும். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையைத் தவிருங்கள், அதனால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. சித்த மருந்து எது எடுத்தாலும் பெயரும் அளவும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பெயர் சொல்ல மறுத்துக் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கவே வேண்டாம்.

இப்போது பழனி. அனுப்பலாமா என்றால், நான் “நடக்கட்டும், ஆனால் இந்த வருடம் முழுத் தூரம் வேண்டாம்” என்பேன். காரணம் புற்றுநோய் இல்லை, பாதம். வேண்டுதல்காரர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். மரத்த பாதத்தில் முள் ஏறினாலும், தார் ரோடு சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். விடிவதற்கு முன்னே, இருட்டில், கூட்டத்தில் நடக்கிறார்கள். மெலிந்த எலும்போடு அங்கே தடுக்கி விழுந்தால் இடுப்பு முறியலாம். இன்றிலிருந்து தை வரை நான்கைந்து மாதம் இருக்கிறது. ஊருணிக் கரையில் காலையில் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரம் ஐந்து நிமிடம் கூட்டட்டும். சாக்ஸும், விரல் நெருக்காத மெத்தென்ற ஷூவும் போட்டு நடக்கட்டும். தினமும் இரவில் இரண்டு பாதத்தையும் அப்பா வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கட்டும், அம்மா தடவிப் பார்த்தால் தெரியாது. மார்கழி கடைசியில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து நடந்து, மறுநாள் வழக்கம்போல எழ முடிந்தால், குன்றக்குடியிலிருந்து முதல் நாள் நடை, பிறகு வண்டியில் போய் பழனிக்கு முந்தைய கடைசிக் கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தோடு வரும் வண்டியில் எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்வேன் என்று அவரிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிவிடுங்கள். காவடி எடுத்தால் இடது தோளில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். ரேடியேஷன் பட்ட தோலில் வெயிலோ, பை வாரின் உரசலோ படாமல் மூடிக்கொள்ளட்டும். ஸ்லீவ் கட்டாயம். வெறுங்கால் வேண்டுதலை என்ன செய்வது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரை நோயாளிகள் பலர் செருப்போடு நடந்து, கோயில் வாசலில் கழற்றிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ரெவ்யூவில் மருத்துவர் “எப்படி இருக்கீங்க” என்றால் “நல்லா இருக்கேன்” என்று அம்மா முடித்துவிடுவார். அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: அசதி, மரப்பு, வீக்கம், மூட்டு வலி, தூக்கம் ஒவ்வொன்றும் பத்துக்கு எவ்வளவு, போன முறையைவிடக் கூடியதா குறைந்ததா. சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் 766 நோயாளிகளிடம், தொந்தரவுகளை அவர்களே ஒழுங்காகப் பதிவு செய்து செவிலியருக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவில், அப்படிச் செய்தவர்கள் நடுத்தரக் கணக்கில் 31.2 மாதமும், வழக்கமான முறையில் இருந்தவர்கள் 26 மாதமும் வாழ்ந்திருந்தார்கள். அவர்கள் நோய் பரவிய நிலையில் இருந்தவர்கள், உங்கள் அம்மாவுக்கு அந்த எண்களைப் பொருத்த வேண்டாம். தாளுக்குச் செலவில்லை என்பதால் பரிந்துரைக்கிறேன். அதே தாளின் அடியில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: எக்கோ வேண்டுமா, டெக்சா எப்போது, நடைப்பயிற்சிக்கு ஏதாவது தடை இருக்கிறதா.

உள்ளூரில் உதவிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது, பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து செய்வது அதில் உண்டு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், கேட்டு வாங்க வேண்டும். சென்னைப் பயணத்துக்கு, புற்றுநோய் சிகிச்சைக்கும் பிந்தைய பரிசோதனைக்கும் போகிறவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பல்லவன் பகல் ரயிலில் உட்கார்ந்தே போனால் நோயாளிக்கும் 75 சதவீதம்தான், அதனால் ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாகப் போகும் இரவு வண்டியைப் பாருங்கள், கால் நீட்டிப் படுத்துக்கொண்டும் போகலாம். அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவமனையின் மருத்துவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், என்னைப் போன்றவர்கள் போட்டால் செல்லாது.